'போயர்' என்றால் யார்? விவசாயியைக் குறித்த சொல் ஓர் இனத்தின் பெயரானது எப்படி?

ஸ்கூல் வரலாற்றுப் பாடத்தில் 'போயர் போர்' என்று படித்திருப்போம். காந்தியின் வாழ்க்கைக் கதையிலும் இந்தப் பெயர் வரும். யார் இந்த போயர்கள்?

அர்த்தம் என்ன?

இது டச்சு மொழிச் சொல். அர்த்தம் ரொம்ப சிம்பிள்: விவசாயி. டச்சுக்காரர்கள் 'பூர்' என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலம் வழியாக வந்ததால் நமக்கு 'போயர்' ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரைக் குறிக்கும் 'நெய்பர்' என்ற ஆங்கிலச் சொல்லின் பின்பாதியும் இதற்கு உறவுதான்.

இனப்பெயர் ஆனது எப்படி?

1652-ல் டச்சு கிழக்கிந்திய கம்பெனி, இன்றைய கேப் டவுனில் கப்பல்களுக்கான தங்குமிடம் அமைத்தது. 1657 முதல் கம்பெனி ஆட்கள் சிலருக்கு விவசாயம் செய்ய நிலம் தரப்பட்டது. அது கோய்கோய் மக்கள் ஆடு மாடு மேய்த்த நிலம். அங்கே பயிர் செய்த டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு வம்சாவளியினருக்குத் தொழிலே பெயராக நின்றது. 1830-களில் பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காமல் உள்நாட்டுக்குப் போன பலர், டிரான்ஸ்வால், ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் என்ற குடியரசுகளை உருவாக்கினர்.

தமிழர்களுக்கு என்ன தொடர்பு?

1860 முதல் நாட்டால் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். 1899-ல் போயர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் போர் வெடித்தது. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களைத் தூக்கிச் செல்ல, சுமார் 1,100 இந்தியர்கள் கொண்ட ஆம்புலன்ஸ் படையை காந்தி திரட்டினார். அதில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்.

பிடிபட்ட போயர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். மணமேல்குடிக்கு எதிர்க்கரையான இலங்கையில் தியத்தலாவையிலும், தமிழ்நாட்டில் திருச்சி, நீலகிரியின் கேத்தி ஆகிய இடங்களிலும் அவர்களுக்கு முகாம்கள் இருந்தன. 1902 மே 31-ல் போர் முடிந்தது.

குழப்பிக்க வேண்டாம்

தமிழ்நாட்டில் போயர் என்ற சமூகம் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. ஆனால், தென் ஆப்பிரிக்க போயர்களுக்கும் இவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கூகுளில் தேடும்போது கவனம் தேவை.

இன்று?

இப்போது அந்த மக்களைப் பொதுவாகக் குறிக்கும் பெயர் 'ஆப்பிரிக்கானர்'. சிலர் 'போயர்' என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். நிறவெறி ஆட்சிக் காலத்தில் கறுப்பின மக்கள், தங்களை ஒடுக்கிய போலீஸையும் அரசையும் இதே சொல்லால்தான் குறிப்பிட்டார்கள். அதனால் யார், யாரைப் பார்த்துச் சொல்கிறார் என்பதைப் பொறுத்து இந்தச் சொல்லின் அர்த்தம் மாறும்.