குப்பைக்குப் போகாத பிட் நோட்டீஸ்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த மேட்டர். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால தள்ளிப் போயிட்டே இருந்தது. இன்னைக்கு எப்படியும் எழுதிடறதுன்னு உட்கார்ந்துட்டேன்.

2024 மே மாசம். டப்ளின்ல நான் குடியிருக்கிற வீட்டுக் கதவுல லெட்டர் போடற ஓட்டை ஒண்ணு இருக்கு. சாயந்திரம் பொட்டி தட்டி முடிச்சு வீட்டுக்கு வந்தா, அந்த ஓட்டைக்குக் கீழே தினமும் நாலைஞ்சு காகிதம் கிடக்கும். வழக்கமா பீட்ஸா கடை மெனு. இந்த முறை எல்லாம் தேர்தல் நோட்டீஸ். ஜூன் 7 உள்ளாட்சித் தேர்தல், கூடவே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். அயர்லாந்துல உள்ளாட்சித் தேர்தல்ல ஓட்டுப் போட குடியுரிமை தேவையில்லை மக்களே. 18 வயசாகி, இங்கே குடியிருந்து, பட்டியல்ல பேர் இருந்தா போதும். அதனால வேட்பாளர் ஒருத்தர் கதவைத் தட்டி என்கிட்டயும் ஓட்டுக் கேட்டார். கையில நோட்டீஸ் கொடுத்து, ஊர்ல மழை எல்லாம் எப்படின்னு விசாரிச்சுட்டுப் போனார். ஊரை விட்டு வந்து நாலு வருஷத்துல என்னை ஒரு ஆளா மதிச்சு கதவைத் தட்டினது அவர்தான் :-)

அந்த நோட்டீஸைப் பச்சைத் தொட்டியில போட மனசு வரலை. அப்படி ஆரம்பிச்சதுதான் இந்தக் கிறுக்கு. இப்ப மூணு ஃபைல் ரொம்பியாச்சு. சர்ச் விற்பனை, பழைய புத்தகக் கடை, சந்தை எங்க போனாலும் கண்ணு முதல்ல காகிதக் கட்டு இருக்கான்னுதான் தேடுது.

ஐரிஷ் நோட்டீஸ்ல என்ன விசேஷம்னா, அவங்க ஓட்டுப் போடற முறை. நம்ம ராஜ்யசபா எம்.பி.க்களைத் தேர்ந்தெடுக்கிற அதே முறைதான். பேருக்கு நேரா 1, 2, 3ன்னு விருப்ப வரிசை போடணும். ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்கள். அதனால ஒரே கட்சி ஒரே தொகுதியில ரெண்டு மூணு பேரை நிறுத்தும். அவங்களுக்குள்ளயே அடிதடி. கட்சி என்ன பண்ணும்னா, தொகுதியோட வடக்குப் பக்கத்துக்கு 'இவருக்கு 1, அவருக்கு 2'ன்னு நோட்டீஸ் அடிக்கும். தெற்குப் பக்கத்துக்கு அப்படியே திருப்பிப் போட்டு அடிக்கும். சேகரிக்கிறவன்கிட்ட ஒண்ணு மட்டும் இருந்தா பாதிக் கதைதான் இருக்குன்னு அர்த்தம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாதான் கட்சி ஆபீஸ்ல நடந்த கணக்கு புரியும்.

இன்னொண்ணு. 1963ல சட்டம் திருத்தற வரைக்கும் ஓட்டுச்சீட்டுல கட்சிப் பேரே கிடையாது. 1965 தேர்தல்லதான் முதல் தடவையா வந்தது. அதுக்கு முன்னால யார் எந்தக் கட்சின்னு ஜனங்களுக்குச் சொன்னதே பெரும்பாலும் இந்தப் பிட் நோட்டீஸும் சுவரொட்டியும்தான்.

கொஞ்சம் பின்னால போவோம். கொசுவத்தி சுத்திக்கோங்க.

1917 மே, தெற்கு லாங்ஃபோர்டு இடைத்தேர்தல். ஈஸ்டர் எழுச்சி நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கு. சின் ஃபெயின் நிறுத்தின வேட்பாளர் ஜோ மெகின்னஸ், இங்கிலாந்துல லூயிஸ் சிறையில கைதி. அவருக்கு நிக்கவே இஷ்டமில்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத் தேர்தல்ல நிக்கறதே கொள்கைக்கு விரோதம்னு கூட இருந்த கைதிகள் பலர் நினைச்சாங்க. மைக்கேல் காலின்ஸ் கேக்கலை, பேரைக் கொடுத்துட்டார். சிறை உடுப்புல ஒரு மனுஷன் படம் போட்டு சுவரொட்டி அடிச்சாங்க. வெளியே கொண்டுவர அவரை உள்ளே அனுப்புங்கன்னு வாசகம். 'உள்ளே'ன்னா நாடாளுமன்றம், 'வெளியே'ன்னா சிறைக்கு வெளியே. ஜெயிச்சது 37 ஓட்டு வித்தியாசத்துல! 37ங்கறது ஒரு தெருவோட ஓட்டு. அந்தச் சுவரொட்டி எத்தனை ஓட்டைத் திருப்பிச்சுன்னு யாராலயும் எண்ண முடியாது, ஆனா 19 பேர் மனசு மாறியிருந்தாலே கதை கந்தல்.

அடுத்த வருஷம், 1918 டிசம்பர் பொதுத்தேர்தல்ல அதே கட்சி 105 இடத்துல 73 பிடிச்சது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் பெண் கான்ஸ்டன்ஸ் மார்க்கியேவிச்சும் அதுல ஒருத்தர். அவரும் அப்ப ஜெயில்லதான் இருந்தார். ஜெயிச்சவங்க லண்டன் பக்கமே போகாம, 1919 ஜனவரி 21ல டப்ளின்ல சொந்தமா டாய்ல் ஆரம்பிச்சதெல்லாம் பெரிய வரலாறு, அது புத்தகங்கள்ல இருக்கு. (அந்தக் கால ஒரிஜினல் எல்லாம் நம்ம சம்பளத்துக்குக் கட்டுப்படி ஆகாது. என்கிட்ட இருக்கறது மறுஅச்சுதான், ஹி ஹி.)

1932ல இன்னும் சுவாரசியம். ஆட்சியில இருந்த குமன் ந கேல் கட்சி, டி வலேராவை சர்க்கஸ் வித்தைக்காரரா வரைஞ்சு கிண்டல் சுவரொட்டி போட்டது. அவர் 'சத்தியத்தை முழுங்குறவர்'னு அதுல ஒரு பட்டம். மன்னருக்கான விசுவாசப் பிரமாணத்தை ஏத்துக்கவே மாட்டேன்னு சொல்லிட்டு, 1927ல கையெழுத்து போட்டுட்டு உள்ளே போனாரே, அந்தக் குத்தல். இன்னொரு சுவரொட்டியில துப்பாக்கிக்காரனோட நிழல். அந்த நிழல் உங்க வீட்டுல விழாம பார்த்துக்கோங்கன்னு எச்சரிக்கை. தலைப்பு ஷான் ஓகேசியோட நாடகத் தலைப்பைத் தழுவினது. டி வலேரா வந்தா நாடு ரத்தக் களறி ஆகும்கறதுதான் சேதி. உள்நாட்டுப் போர் முடிஞ்சு ஒன்பது வருஷம்கூட ஆகலை, பயம் நிஜம்தான்.

என்ன ஆச்சு? டி வலேராவோட ஃபீனா ஃபாயில் 72 இடத்தோட தனிப்பெரும் கட்சி ஆச்சு. அந்தச் சுவரொட்டி அடிச்ச அதே ஆட்கள் மார்ச் மாசம் அமைதியா நாற்காலியைக் கொடுத்துட்டு எழுந்து போனாங்க. நான் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நினைக்கறது இதைத்தான்: இதை அச்சடிச்சவங்க இவ்வளவு பயந்துட்டும், ராணுவத்தைக் கூப்பிடலை. இந்தச் சுவரொட்டி மிஞ்சலைன்னா அவங்க எவ்வளவு பெரிய காரியம் பண்ணினாங்கன்னே தெரியாம போயிருக்கும்.

இதுக்கு நேர் எதிர் 1977. ஃபீனா ஃபாயில்காரங்க அமெரிக்காவோட 1976 பிரச்சாரத்தைப் பார்த்துப் படிச்சுட்டு வந்து, டீ-ஷர்ட், பாட்டு, ஜாக் லிஞ்ச் முகம்னு கலக்கிட்டாங்க. 'ஜாக்கைத் திரும்பக் கொண்டுவாங்க'ன்னு கோஷம். வாக்குறுதிதான் ஹைலைட். வீட்டு வரி ரத்து, கார் வரி ரத்து, முதல் வீடு வாங்கறவங்களுக்கு 1,000 பவுண்டு. நம்ம ஊர் இலவசத்தை எல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கே கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. 148ல 84 இடம். சொன்னபடி வீட்டு வரியை எடுத்தாங்க. கடன் ஏறிச்சு. 1979 கடைசியில லிஞ்ச் பதவி விலக, அதே கட்சியோட சார்லஸ் ஹாஹி 1980 ஜனவரியில டிவியில வந்து, நாம வரவுக்கு மீறி வாழறோம்னு நாட்டு மக்களுக்கு உபதேசம் பண்ணினார். எல்லா வீட்டுக்கும் சொத்து வரி திரும்பி வந்தது 2013ல! அந்த 36 வருஷமும் உள்ளூர் கவுன்சில்கள் காசுக்கு அரசாங்கத்தையே பார்த்துட்டு இருந்தது. அந்த 1977 காகிதத்தைக் கையில எடுத்தா லேசாத்தான் இருக்கு.

சரி, தேதி கண்டுபிடிக்கற கதை. பழைய நோட்டீஸ்ல பெரும்பாலும் வருஷம் இருக்காது. அடுத்த வாரம் குப்பைக்குப் போற காகிதத்துக்கு எதுக்கு வருஷம்? 'வியாழன், பிப்ரவரி 18'னு மட்டும் இருக்கும். பொட்டி தட்டற புத்தி சும்மா இருக்குமா, கிழமையும் தேதியும் கொடுத்தா பொருந்தற வருஷங்களைக் கக்குற மாதிரி பத்து வரி நிரல் எழுதினேன். அதைத் தேர்தல் பட்டியலோட ஒப்பிட்டா முடிஞ்சது. மேலே சொன்னது 1982. அந்தத் தேர்தல் ஏன் வந்துச்சு தெரியுமா? குழந்தைங்க செருப்பு ஷூவுக்கும் வரி போட்ட பட்ஜெட், ஜனவரி 27ல 82க்கு 81ன்னு ஒரே ஓட்டுல தோத்துச்சு. குழந்தைங்க ஷூவுக்கு விலக்கு கொடுத்தா சின்னப் பாதம் உள்ள பெண்களும் அதையே வாங்கி வரியில இருந்து தப்பிச்சுடுவாங்கன்னு விளக்கம் வேற! 1981 ஜூன்ல இருந்து 1982 நவம்பருக்குள்ள மூணு பொதுத்தேர்தல். அதனால 1982ன்னு வருஷம் போட்டிருந்தாலும் பிரயோஜனமில்லை, மாசம் வேணும். வேற துப்புகளும் இருக்கு. முகவரியில எர்கோடு இருந்தா 2015க்கு அப்புறம். கீழே பொடி எழுத்துல அச்சகத்தோட பேரும் முகவரியும் இருக்கும், சட்டப்படி போட்டே ஆகணும்.

சேர்க்க ஆசைப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை. லேமினேட் மட்டும் பண்ணிடாதீங்க, திரும்ப எடுக்கவே முடியாது. செல்லோ டேப் கூடவே கூடாது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், மெதுவா கழட்டிடுங்க. குறிப்பு எழுதணும்னா பின்பக்கம் பென்சில்.

இப்ப முக்கியமான விஷயம். அந்த மே மாசக் கட்டுல ஒரு நோட்டீஸ் இருந்தது. வெளிநாட்டுக்காரங்களால நாடு ரொம்பி வழியுது, போதும் நிறுத்துங்கன்னு. பேர் வேண்டாம். அது என் கதவு ஓட்டை வழியா, என் மிதியடி மேலயே விழுந்து கிடந்தது. ரூம்மேட் பார்த்துட்டு, "மச்சி, இதைக் கிழிச்சுப் போடு, இதையுமா பத்திரப்படுத்துவே?"ன்னான். எனக்கும் கை துடிச்சது. ரெண்டு நாள் சமையல்கட்டு மேஜை மேலயே கிடந்தது.

அப்பதான் பெல்ஃபாஸ்ட் லினன் ஹால் நூலகம் ஞாபகம் வந்தது. 1968ல அங்கே நூலகரா இருந்த ஜிம்மி விட்டிக்கு, ஊருக்குள்ள ஒரு பார்ல யாரோ சிவில் உரிமை நோட்டீஸ் ஒண்ணைக் கையில திணிச்சாங்க. தூக்கிப் போடாம நூலகத்துக்குக் கொண்டு வந்தார். அதுலேர்ந்து ஆரம்பிச்ச சேகரிப்புல இன்னைக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேல உருப்படிகள். ஊர் ரெண்டுபட்டு ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிட்ட முப்பது வருஷத்துலயும், எல்லாப் பக்கத்துக் காகிதத்தையும் வாங்கி வச்சாங்க. ஆயுதக் குழுக்களோடதையும் விடலை. அங்கே வேலை பார்த்தவங்களுக்கும் அந்தக் காகிதங்கள்ல சிலது தங்களையே திட்டறதா இருந்திருக்கும்.

எடுத்து, பின்பக்கம் பென்சில்ல 'மே 2024, கதவு வழியா வந்தது'ன்னு எழுதி உறையில போட்டேன். கதவைத் தட்டி மழை விசாரிச்சவரோட நோட்டீஸுக்கு அடுத்த பக்கம்.

நவம்பர் 29 பொதுத்தேர்தல் வந்தது. அதுல எனக்கு ஓட்டு கிடையாது, நோட்டீஸ் மட்டும் வந்துட்டே இருந்தது. தேர்தல் வாரம் ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து பார்த்தா, சமையல்கட்டு மேஜை மேல பதினோரு நோட்டீஸ், ஓரம் சேர்த்து அடுக்கி வச்சிருக்கு. மேலே ஒரு பென்சில். ரூம்மேட் தூங்கிட்டிருந்தான்.