தானே மாறும் கியர்

மோட்டார் வண்டியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் எஞ்சினைப் பற்றியே எழுதுகின்றனர். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையே, வண்டியின் வயிற்றுப்புறத்தில் புழுதியும் எண்ணெயும் படிந்து கிடக்கும் கியர்ப் பெட்டியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. அப்பெட்டிகளோடு பல்லாண்டுகள் பழகியவன் என்ற உரிமையினால் அதன் கதையில் ஒரு பகுதியை இன்று சொல்ல விரும்புகிறேன். அதற்கு ஒரு சிறு கேள்வியே தூண்டுகோல். மேட்டில் ஏறும்போது தானாகவே கீழ்க் கியருக்கு இறங்க வேண்டிய வண்டி, சில வேளைகளில் இறங்காமற் போவதேன்?

கியர் எதற்கு என்பதை மாட்டு வண்டி ஓட்டியவருக்கு விளக்க வேண்டுவதில்லை. சமதரையில் மாடு விரைந்து நடக்கும்; ஏற்றத்தில் மெல்ல நடந்து மிகுதியாக இழுக்கும். மாடு தன் நடையைத் தானே மாற்றிக்கொள்ளும். எஞ்சினுக்கு அந்த அறிவு இல்லை. ஆகவே நடையை மாற்றும் பொறுப்பு ஓட்டுபவனுடைய இடக்காலுக்கும் ஒரு கைக்கும் வந்து சேர்ந்தது. தொடக்க கால வண்டிகளில் கியர் மாற்றுவது ஒரு வித்தையாகவே இருந்தது. பற்கள் ஒன்றோடொன்று உரசிக் கதறும் ஓசையைத் தெருவே கேட்கும். அமெரிக்கப் பொறியாளரான ஏர்ல் தாம்சன் என்பவர் அந்தக் கதறலை அடக்க வழி கண்டார். பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் அவருடைய அமைப்பு, 1928-ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்றது.

கியர் தானாகவே மாறுவதற்கு வேண்டிய மற்றொரு கருத்து கடலிலிருந்து வந்தது. ஜெர்மனியில் ஸ்டெட்டின் நகரத்துக் கப்பல் கட்டும் துறையில் பணிபுரிந்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்பவருக்கு ஒரு சிக்கல் இருந்தது. நீராவிச் சுழலி மிக வேகமாகச் சுழலும்; கப்பலின் விசிறியோ மெல்லச் சுழன்றால்தான் பயன். இரண்டையும் இரும்புப் பற்களால் பிணைப்பதற்குப் பதிலாக, ஒரு கிண்ணத்தில் நீரைச் சுழலவிட்டு, அந்நீரின் வேகத்தால் மற்றொரு கிண்ணத்தைச் சுழற்றலாம் என்று அவர் எண்ணி, 1905-இல் காப்புரிமை பெற்றார். இரும்பு இரும்பைத் தொடாமலே ஆற்றல் கைமாறுகிறது. 1930-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் டெய்ம்லர் நிறுவனம் இக்கருத்தைத் தன் கார்களில் கையாண்டது. லண்டன் மாநகரின் சிவப்பு மாடிப் பேருந்துகள் பலவும் பின்னர் இம்முறையிலேயே ஓடின. ஆயினும் எந்தக் கியர் வேண்டும் என்று முடிவு செய்பவன் ஓட்டுநனாகவே இருந்தான்.

அந்த முடிவையும் பொறியிடம் ஒப்படைத்தவர் முன்சொன்ன தாம்சனும் அவருடைய கூட்டாளிகளும்தாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939-இல் வெளியிட்ட ஹைட்ரமாட்டிக் என்னும் பெட்டி, 1940-ஆம் ஆண்டுக்குரிய ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் 57 டாலர் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. முன்னோக்கிச் செல்ல நான்கு கியர்கள்; கிளட்ச் மிதி இல்லவே இல்லை. அடுத்து வந்த போர் இப்பெட்டிக்குக் கடுந்தேர்வாக அமைந்தது. எம்5 என்னும் இலகு ரகப் பீரங்கி வண்டியில் இரண்டு காடிலாக் எஞ்சின்களும், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ரமாட்டிக் பெட்டியும் பொருத்தப்பட்டிருந்தன.

அப்பெட்டி எவ்வாறு முடிவு செய்தது? இதுவே என் உரையின் மையம். நேயர்கள் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன்.

பெட்டிக்குள் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் செலுத்திக்கொண்டே இருக்கும். சக்கரங்களுக்குச் செல்லும் தண்டோடு சேர்ந்து கவர்னர் என்னும் ஓர் உறுப்புச் சுழலும். வண்டியின் வேகம் கூடக் கூட அதன் எடைகள் வெளிப்புறம் விலகி, எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டும். இது வேகத்தின் குரல். மற்றொரு புறம், ஓட்டுநனின் கால் ஆக்ஸிலரேட்டர் மிதியை எவ்வளவு அழுத்துகிறது என்பதற்கேற்ப இன்னோர் அழுத்தம் எழும். இது சுமையின் குரல். இவ்விரண்டுக்கும் நடுவே விரல் தடிமனுள்ள ஒரு வால்வு, துலாக்கோலின் முள்போல் நிற்கிறது. வேகத்தின் அழுத்தம் வென்றால் வால்வு ஒரு பக்கம் நகர்ந்து மேல் கியர் விழும்; சுமையின் அழுத்தம் வென்றால் மறுபக்கம் நகர்ந்து கீழ்க் கியர் விழும்.

மிதியைத் தரைவரை அழுத்தினால் தனிச் சலுகை ஒன்று உண்டு. அப்போது ஒரு கம்பியோ கோலோ பெட்டிக்குள் இருக்கும் வேறொரு வால்வை இழுத்து, சுமையின் பக்கத்துக்குக் கூடுதல் எண்ணெயை அனுப்பும். வண்டி உடனே ஒரு கியர் கீழே இறங்கிப் பாயும். ஆனால் வேகம் ஏற்கெனவே மிகுந்திருந்தால் கவர்னரின் அழுத்தமே வெல்லும்; ஓட்டுநன் எவ்வளவு உதைத்தாலும் கியர் இறங்காது. எஞ்சின் சிதறாமல் காக்கும் தடை இது. இதைப் பழுது என்று எண்ணி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர்களையும் நான் கண்டதுண்டு.

ஹைட்ரமாட்டிக் புகழின் உச்சியில் இருந்தபோது, 1953 ஆகஸ்டு 12-ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்தின் லிவோனியாவில் இருந்த அதன் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. வெல்டிங் வேலையின்போது பறந்த பொறியே காரணம். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் மட்டுமன்றி, லிங்கன், ஹட்சன், நாஷ் முதலிய பிறருடைய வண்டிகளும் இப்பெட்டியையே நம்பியிருந்தன. காடிலாக் கார்கள் சில ப்யூக்கின் பெட்டியோடு விற்பனைக்குப் போயின. போர்க்காலத்தில் குண்டுவீச்சு விமானங்கள் செய்த வில்லோ ரன் ஆலையை நிறுவனம் பெற்று, சில வாரங்களிலேயே உற்பத்தியைத் தொடங்கியது. சரக்கு வண்டிகளும் இதே காலத்தில் இப்பெட்டியை ஏற்றன. 1954-ஆம் ஆண்டு முதல் செவர்லே பிக்கப் வண்டிகளில் விரும்பியவர்கள் இதைப் பெறலாயினர். பின்னர் 1964-இலும் 1969-இலும் மூன்று கியர்கள் கொண்ட புதிய பெட்டிகள் வந்தன. முன்னதில் மிதியின் செய்தியை மின்கம்பியும், பின்னதில் உருக்குக் கம்பியும் கொண்டுசென்றன. சுமையை அறிய, எஞ்சின் உறிஞ்சும் காற்றின் வெற்றிடத்தை ஒரு ரப்பர்க் குழாய் வழியே உணரும் சிறு குமிழும் சேர்ந்தது. 1990-களில் கணிப்பொறி வந்து இவற்றையெல்லாம் ஓய்வுக்கு அனுப்பியது.

கம்பியும் குழாயும் ஆட்சி செய்த காலத்துப் பிக்கப் வண்டி கீழ்க் கியருக்கு இறங்கவில்லை என்றால், தேட வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் எண்ணெயின் அளவு. அதை எஞ்சின் சூடாகி ஓடும்போதே பார்க்க வேண்டும். கருகிய வாடை வீசுகிறதா என்று முகர வேண்டும். பிறகு வெற்றிடக் குழாய். குமிழின் உள்ளே சவ்வு கிழிந்திருந்தால் எண்ணெய் எஞ்சினுக்குள் போய் வெண்புகையாக வெளியேறும். தரையில் ஒரு துளிகூடச் சிந்தாமல் எண்ணெய் குறையும். பிறகு மிதியின் கம்பி. அதன்பின் கவர்னர். எல்லாம் செம்மையாக இருந்தால் மட்டுமே பெட்டியைக் கழற்றலாம்.

இவ்வரிசையை நான் புத்தகத்தில் படித்து உணர்ந்தேன் என்று சொல்ல இயலாது. 1986-இல் மஸ்கட் நகரத்தில் ஓர் ஒப்பந்தக்காரரின் பட்டறையில் வேலை பார்த்தேன். கரும்பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர் அது. எங்குச் சென்றாலும் ஒரு மேடு உண்டு. இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் சிமெண்டு ஏற்றும் பழைய அமெரிக்கப் பிக்கப் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். வயதில் மூத்தவர்.

"தம்பி, மேட்டிலே எவ்வளவு மிதித்தாலும் இறங்க மாட்டேன் என்கிறது. வேகம் செத்த பிறகுதான் இரண்டாவதுக்கு வருகிறது. நானே கைப்பிடியை இழுத்து இரண்டில் போட்டால் நன்றாக ஏறுகிறது" என்றார்.

அவர் சொன்ன கடைசி வாக்கியத்திலேயே விடை இருந்தது. கையால் இழுத்தால் இரண்டாம் கியர் நன்றாகப் பிடிக்கிறது என்றால், உள்ளே தகடுகள் தேயவில்லை. கட்டளைதான் போய்ச் சேரவில்லை. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. கைப்பிடியை இப்படி இழுத்து இழுத்தே பெட்டியைத் தேய்த்துவிட்டார் என்று முதலாளியிடம் சொன்னேன். உதிரிப் பொருள்களின் விலையை மூன்று மாதத் தவணையில் அவர் சம்பளத்தில் பிடிக்குமாறு உத்தரவாயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

பெட்டியை இறக்கிப் பிரித்தேன். தகடுகள் நல்ல நிலையில் இருந்தன. அந்த இடத்திலாவது நான் வாய் திறந்திருக்க வேண்டும். வெட்கம் தடுத்தது. புதிய தகடுகளைப் போட்டுப் பெட்டியை ஏற்றினேன். வண்டியை மேட்டுக்கு ஓட்டிச் சென்றேன். பழையபடியே முனகியது.

பாலக்காட்டைச் சேர்ந்த எங்கள் மேஸ்திரி நான் திரும்பி வந்த முகத்தைப் பார்த்துவிட்டு, "முன்மூடியைத் திற, தம்பி, நீ உள்ளே போய் மிதியை அழுத்து" என்றார். அழுத்தினேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு என்னை அழைத்துக் காட்டினார். சில மாதங்களுக்கு முன் எங்கள் பட்டறையிலேயே கார்புரேட்டரை மாற்றியிருந்தனர். புதியதில் அந்தக் கம்பியை மாட்டும் கொக்கி இல்லை. மாற்றியவர் அதை ஓரமாக ஒரு கட்டுக் கம்பியால் கட்டிவைத்துவிட்டுப் போயிருந்தார். தகரத்தில் ஒரு தாங்கி வெட்டித் துளையிட்டுக் கம்பியை மாட்ட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மேட்டின் பாதியில் மிதியைத் தரைவரை அழுத்தினேன்; வண்டி ஒரு குலுக்கலோடு இரண்டாம் கியருக்கு இறங்கி ஏறியது.

அன்று மாலையே முதலாளியிடம் சென்று பிழை என்னுடையது என்று சொன்னேன். மீதி இரண்டு தவணைகளை அவர் விட்டுவிட்டார். முதல் தவணை பிடித்தது பிடித்ததுதான். அந்தத் தொகையை நான் ஓட்டுநரிடம் நீட்டியபோது அவர் வாங்கவில்லை. அந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று மட்டும் காட்டச் சொன்னார், காட்டினேன். ஊருக்கு ஒரு மாதம் தாமதித்தே போனார். அதுவரை நாள்தோறும் காலையில் வண்டியைக் கிளப்புமுன் முன்மூடியைத் தூக்கி, அந்தக் கம்பியை ஒருமுறை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டே மூடுவார்.