கொடுக்க மறுத்த வாக்கும் பற்றிக்கொண்ட வாக்கும்: ஜான் பன்யனின் சிறைவாழ்வில் நம்பிக்கையிழப்பும் நம்பிக்கையும்

முன்னுரை

சமயம் தரும் நம்பிக்கை, துன்புறுவோரை அத்துன்பத்தோடு இணங்கிப்போகச் செய்யும் ஆறுதல் மட்டுமே என்னும் கருத்து சமய வரலாற்று ஆய்வுகளில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதற்கு இடந்தரும் சான்றுகளும் பல உண்டு. எனினும், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் சிறையில் ஏறத்தாழ 12 ஆண்டுகள் அடைபட்டிருந்த ஜான் பன்யனின் (1628–1688) வாழ்க்கை அக்கருத்துக்குள் எளிதில் அடங்குவதாயில்லை. தமிழுலகம் பன்யனை, எச்.ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலநூல் தந்தவர் என்ற அளவிலேயே பெரிதும் அறியும். அம்மூலநூல் எத்தகைய மனநெருக்கடியிலிருந்து பிறந்தது என்பதையும், அதில் நம்பிக்கை என்பது எப்பொருளில் வழங்குகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சிறைக்கு முந்திய இருள்

பன்யனின் நம்பிக்கையிழப்பு சிறையில் தொடங்கியதன்று. பெட்ஃபோர்டுக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில், பாத்திரங்களுக்கு ஒட்டுப்போடும் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர் அவர். முறையான கல்வி மிகக் குறைவு. 1650களின் முற்பகுதியில் அவரைப் பற்றிய மனநோவு, சிறையிலிருந்தபடி 1666இல் வெளியிட்ட ‘கிரேஸ் அபவுண்டிங்’ என்னும் தன்வரலாற்றில் விரிவாகப் பதிவாகியுள்ளது. மீட்படையத் தெரிந்துகொள்ளப்பட்டோருள் தாமும் ஒருவரோ என்னும் ஐயமே அதன் வேர். இறைவன் சிலரை முன்னரே தெரிந்துகொண்டான் என்ற கால்வினியக் கோட்பாடு, அக்காலத்துத் தூய்மைவாதக் குடும்பங்களில் ஆறுதலை விளைத்த அளவுக்கு அச்சத்தையும் விளைத்தது.

இந்நூலில் ஆய்வாளர் கவனிக்கத்தக்கது நிகழ்ச்சிகளின் வரிசையாகும். பெட்ஃபோர்டில் ஒரு வீட்டு வாயிலில் வெயிலில் அமர்ந்து இறைவனைப் பற்றி உரையாடிக்கொண்டிருந்த ஏழைப் பெண்கள் சிலரின் பேச்சு அவரை முதலில் ஈர்த்தது. பின்னர், தாள்கள் உதிருமளவுக்குப் பழையதான ஒரு பிரதியில், கலாத்தியர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய உரையைப் படித்துப் பெரிதும் தேறினார். கதை அங்கு முடிந்திருக்கலாம், ஆனால் முடியவில்லை. அதற்குப் பின்னரே கிறிஸ்துவை விற்றுவிடுமாறு தூண்டும் குரலொன்று இடைவிடாது அவரை வருத்தியது. ஒருநாள் சோர்ந்து, அவர் விரும்பினால் போகட்டும் என்று மனத்துள் இசைந்துவிட்டதாகவும், அக்கணமே தாம் மீளாப் பழிக்குள் விழுந்ததாகவும் பன்யன் எழுதுகிறார். தலைமகனுரிமையை விற்ற ஏசாவைப் பற்றிய எபிரெயர் நிருப வசனம் ஒருபுறமும், அருளே போதுமெனக் கூறும் கொரிந்தியர் இரண்டாம் நிருப வசனம் (12:9) மறுபுறமுமாக அவர் உள்ளத்தில் நெடுங்காலம் பொருதன. ஊக்கம் பெற்ற பின்னும் ஆழ்ந்த இருள் வரும் என்பதை மறைக்காமல் எழுதியதே இத்தன்வரலாற்றின் நம்பகத்தன்மைக்குக் காரணம் எனலாம். திருத்தி எழுத முனைந்திருந்தால் லூதரின் உரையை இறுதியில் வைத்திருப்பார்.

அரசு கேட்ட வாக்கு

1660ஆம் ஆண்டு மே மாதத்தில் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில், அரச திருச்சபையின் இசைவின்றிக் கூட்டம் நடத்திப் போதித்ததற்காகப் பன்யன் கைது செய்யப்பட்டார். அவர்மீது ஏவப்பட்டது எலிசபெத் அரசியார் காலத்துச் சட்டம். மூன்று மாதம் சிறை. அதன் பின்னும் பணியாவிட்டால் நாடு கடத்தல். இசைவின்றித் திரும்பினால் தூக்கு. இனிப் போதிப்பதில்லை என்று வாக்களித்தால் விடுதலை. பன்யன் மறுத்தார். இன்று விடுதலையானால் நாளையே போதிப்பேன் என்னும் பொருள்பட விடையளித்ததாக அவரே குறித்துள்ளார்.

இம்மறுப்பின் விலை சிறிதன்று. முதல் மனைவி இறந்துவிட்ட நிலையில் நான்கு குழந்தைகள். மூத்தவள் மேரி பார்வையற்றவள். இரண்டாம் மனைவி எலிசபெத், கணவர் கைதான அதிர்ச்சியில் குறைப்பேறு கண்டு, பிறந்த குழந்தையை இழந்தார். அவரே 1661இல் மேத்யூ ஹேல் முதலிய நீதிபதிகளின் முன் நின்று கணவருக்காக வழக்காடினார். ஹேல் இரக்கம் காட்டினாரேயன்றி விடுதலை கிடைக்கவில்லை. சிறையில் பன்யன் காலணிக் கயிறுகளுக்கு முனைப்பூண் கட்டி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து தசையைப் பிய்ப்பது போன்றது என்றும், பார்வையற்ற மகளின் நினைவே எல்லாவற்றினும் தம்மை வாட்டியது என்றும் எழுதுகிறார். தொடக்கத்தில் சிறைக்காவலர் அவ்வப்போது வெளியே செல்ல விட்டதுண்டு. அவ்விடைவெளிகளிலும் அவர் போதிக்கவே சென்றார்.

தூக்குமேடை பற்றிய பகுதி இங்கு இன்றியமையாதது. சாவதைவிட, ஏணியில் ஏறும்போது தம் முகம் வெளிறினால் எதிரிகள் தம் சமயத்தை இகழ்வரே என்பதே அவரது கவலையாக இருந்தது. அவ்வேளையில் எந்த ஆறுதலும் உள்ளத்தில் எழவில்லை. இறைவன் தம்மைத் தாங்கினும் தாங்காவிடினும் அவர் பெயருக்காக ஏணியிலிருந்து குதித்துவிடுவதென அவர் துணிந்தார்; துணிந்த பின்னரே மனம் தேறியது. நம்பிக்கை இங்கு உணர்ச்சியாகத் தொடங்கவில்லை. செயலுக்கான முடிவாகத் தொடங்குகிறது.

மார்பில் இருந்த திறவுகோல்

1672இல் மன்னர் சமய இசைவு அறிவிப்பு வெளியிட்டபோது பன்யன் விடுதலையானார். 1678இல் ‘பில்கிரிம்ஸ் புரோகிரஸ்’ முதற்பகுதி வெளிவந்தது. அதனை அவர் சிறையிலேயே எழுதத் தொடங்கினார் என்பது அறிஞர் பெரும்பாலோர் கொள்கை. யாத்திரிகன் தொடக்கத்திலேயே விழும் அவநம்பிக்கைச் சேற்றின் நடுவே உறுதியான படிக்கற்கள் உண்டு. ஆனால் கண்ணுக்கு எளிதில் புலப்படா. அப்படிகள் இறைவனின் வாக்குகளே என்று பன்யன் ஓரக்குறிப்பில் விளக்குகிறார். அரசனின் பணியாளர் 1600 ஆண்டுகளாக மண் கொட்டியும் அச்சேறு தூரவில்லை என்பது அவர் சேர்த்த நுண்குறிப்பு.

நூலின் பிற்பகுதியில் யாத்திரிகனும் அவன் துணைவனும் எளிய பாதையை நாடி வழிவிலகி, அவநம்பிக்கை என்னும் அரக்கனின் கோட்டைக்குள் சிக்குகின்றனர். துணைவனின் பெயர் நம்பிக்கையைக் குறிப்பது. புதன் காலை முதல் சனி இரவு வரை உணவும் நீரும் ஒளியும் இல்லை. அரக்கன் அவர்களைத் தடியால் அடிப்பதோடு, கத்தி, கயிறு, நஞ்சு இவற்றுள் ஒன்றால் உயிரை மாய்த்துக்கொள்ளுமாறும் அறிவுரை கூறுகிறான். தற்கொலை எண்ணத்தை இவ்வளவு நேராகப் பேசும் துணிவு அக்காலச் சமய நூல்களில் அரிது. யாத்திரிகன் தளரும்போதெல்லாம் துணைவனே வாதிட்டுத் தடுக்கிறான். சனி நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை வேண்டிய பின்னரே, தன் மார்பில் ‘வாக்கு’ என்னும் திறவுகோல் இருப்பது யாத்திரிகனுக்கு நினைவுக்கு வருகிறது. உயிர்ப்பு ஞாயிறை நினைவூட்டும் அவ்விடியலில் அவர்கள் வெளியேறுகின்றனர். கடைசி இரும்புக் கதவின் பூட்டு மட்டும் மிகக் கடினமாகவே திறக்கிறது.

இவ்விடத்தில் தமிழ்ச் சொல்வழக்கு ஆங்கில மூலத்தைவிடத் தெளிவு தருகிறது. ஆங்கிலத்தில் ‘பிராமிஸ்’ என்னும் ஒரே சொல் இருபொருளுக்கும் வழங்கும். தமிழ்க் கிறித்தவ வழக்கோ மனிதர் தரும் உறுதிமொழியிலிருந்து வேறுபடுத்தி, இறைவன் தந்ததை ‘வாக்குத்தத்தம்’ என்கிறது; தத்தம் என்பது கொடுக்கப்பட்டது. பெட்ஃபோர்ட் சிறைக்கும் வாக்கே திறவுகோலாயிருந்தது. ஆனால் அது பன்யன் அரசுக்குக் கொடுக்க வேண்டிய வாக்கு. அவர் எழுதிய கோட்டையின் திறவுகோலோ அவருக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. முதலாவதைக் கொடுக்க மறுக்கும் வலிமையை இரண்டாவதிலிருந்து பெற்றார் என்பதே இக்கட்டுரையின் துணிபு. இணங்கிப்போகச் செய்யும் ஆறுதலாக இருந்திருப்பின், அது 1661இலேயே அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

இதற்கு ஒரு மறுப்பும் நூலுக்குள்ளேயே உள்ளது. விளக்குநரின் இல்லத்தில் இரும்புக் கூண்டுக்குள் இருக்கும் மனிதன் வெளிவருவதே இல்லை. தனக்கு வாக்குகள் எவையும் எஞ்சவில்லை என்கிறான். அவன் கூற்று மெய்யா, அவநம்பிக்கையின் பொய்யா என்று பன்யன் தீர்ப்பளிக்கவில்லை. ஏசாவின் வசனத்தோடு போராடிய இளமைக்கால அச்சம் முற்றாக அடங்கவில்லை என்பதற்கு இக்கூண்டே சான்று.

தமிழில்

கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற கிருட்டிணபிள்ளை, பாளையங்கோட்டை ‘நற்போதகம்’ இதழில் பல்லாண்டுகள் தொடராக எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலுருப் பெற்றது. ஐந்து பருவங்களாக விரியும் இக்காப்பியத்தில், மூலத்தில் கதையாக விரிக்கப்படாத கிறிஸ்துவின் பாடுகள் விரிவாகப் பாடப்பெறுகின்றன. இடையிடையே பத்திமைப் பதிகங்களும் அமைகின்றன. பன்யனுக்குத் திறவுகோலாக அமைந்த வாக்கை, தமிழ்ப்புலவர் வாக்களித்தவரின் துன்ப வரலாற்றோடு பிணைத்தார் என இதனைக் கொள்ளலாம். அடைக்கலம் புகுந்தோரைக் கைவிடேன் என்னும் இறைவாக்கைப் பற்றி நிற்கும் சரணாகதி மரபில் வளர்ந்த ஒருவருக்கு, வாக்கே புகலிடம் என்ற கருத்து அயலானதாக இருந்திருக்க இயலாது. வைணவ உரைமரபின் அபயச் சொல்லாட்சிகளோடு யாத்திரிகத்தின் பதிகங்களை வரிக்குவரி ஒப்பிடும் ஆய்வு இத்திசையில் செய்யப்பட வேண்டிய பணியாக உள்ளது.