மறக்கும் மொழியும் நீளும் உரையாடலும்

கருவியொன்றின் எல்லையை அதன் பிறப்பே வகுத்துவிடுகின்றது என்பர் சிலர். பீ.எச்.பீ. எனும் வலைநிரல் மொழியின் வரலாறு இக்கூற்றினை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றது.

ரிம் பேர்னர்ஸ்-லீ வகுத்த எச்.ரீ.ரீ.பீ. நெறிமுறையில் உலாவி கேட்கும், சேவையகம் விடைபகரும், அத்துடன் பரிமாற்றம் முடிவுறும். 1995 ஆம் ஆண்டில் ரஸ்மஸ் லேர்டோர்ஃப் வெளியிட்ட பீ.எச்.பீ.யும் இவ்வொழுங்கிலேயே வளர்ந்தது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரல் புதிதாகத் தொடங்கி, விடையளித்ததும் தான் கணித்தவற்றை முற்றாக மறந்துவிடும். இம்மறதியால் நன்மையும் விளைந்தது. ஒரு வேண்டுகோளில் நேர்ந்த பிழை அடுத்ததைத் தீண்டாது. ஆதலாற் புதியோரும் அச்சமின்றி நிரல் எழுத முடிந்தது.

ஆயின் அரட்டை, பங்குவிலை அறிவிப்பு போன்றவற்றில் சேவையகமே முந்திப் பேசவேண்டியிருந்தது. உலாவி அடிக்கடி வினவுவதும், சேவையகம் விடையை வேண்டுமென்றே தாமதிப்பதும் தற்காலிகப் பரிகாரங்களாயின. 2011 டிசெம்பரில் வெளியான ஆர்.எவ்.சீ. 6455 வெப்சொக்கெற் நெறிமுறையை வரையறுத்தது. இத்தொடர்பு சாதாரண எச்.ரீ.ரீ.பீ. வேண்டுகோளாகவே தொடங்கும், சேவையகம் 101 எனும் குறியீட்டால் இசைந்தபின், இருதரப்பும் வேண்டியபோது செய்தி அனுப்பலாம்.

மறக்கும் மொழி இத்தகைய நீண்ட தொடர்பை எவ்வாறு தாங்கும்? இணைப்புக்கொரு செயன்முறை வீதம் ஒதுக்கின், வாளாவிருக்கும் இணைப்புகளே நினைவகத்தை விழுங்கிவிடும். இதற்கான விடை முன்னரே இருந்தது. 1983 இல் 4.2 பீ.எஸ்.டீ. இயங்குதளம் அளித்த ‘செலெக்ற்’ எனும் அழைப்பு, பல இணைப்புகளை ஒரே செயன்முறை கண்காணிக்க வழிசெய்தது. அதற்கு நிகரான வசதி 2002 இல் வெளிவந்த பீ.எச்.பீ. 4.3 ஆம் பதிப்பிலேயே இடம்பெற்றது. எனினும், 2009 இல் றயன் டால் அறிமுகஞ்செய்த நோட்.ஜே.எஸ். நிகழ்வுவழி நிரலாக்கத்தைப் பரவலாக்கிய பின்னரே றியாக்ற் பீ.எச்.பீ., றச்செற் ஆகிய நூலகங்கள் எழுந்தன. இணைப்புத் திறத்தல், செய்தி வருதல், இணைப்பு மூடல், பிழை நேர்தல் ஆகிய நான்கு நிகழ்வுகளுக்கும் உரிய செயல்களை எழுதினால் றச்செற்றில் ஒரு சேவையகம் உருவாகிவிடும்.

எனவே இம்மொழியைக் கட்டியிருந்தது பெரும்பாலும் அதனைக் கையாண்டோரின் வழக்கமே என்பது பெறப்படும். வழக்கத்தை மாற்றுவதற்கும் விலையுண்டு. தரவுத்தள வினவலொன்று தாமதித்தால் எல்லா இணைப்புகளும் காத்துநிற்கும்; கவனிக்கப்படாத ஒரு பிழை அனைவரையும் துண்டித்துவிடும்; விடுவிக்கப்படாத நினைவகம் நாளுக்குநாள் பெருகும். 2021 இல் 8.1 ஆம் பதிப்புடன் வந்த ‘ஃபைபர்’ வசதி, காத்திருக்கும் நிரற்பகுதியை இடைநிறுத்திப் பின்னர் தொடர உதவி, எழுதும் முறையை எளிதாக்கியது. ஆயினும், முன்னர் மறதி தானாகவே அளித்த தூய்மையை இன்று நிரலாளரே பேணவேண்டியுள்ளது.