வெண்புள்ளி நோயும் தனிமைத் தொட்டியும்

வெண்புள்ளி நோய் என்பது நன்னீர் மீன்களைத் தாக்கும் ஒட்டுண்ணி நோயாகும். இதற்குக் காரணமான ஒருசெல் உயிரியை 1876-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஃபூக்கே விவரித்தார். அதே ஆண்டில்தான் ஜெர்மனியில் ஹைன்ரிக் காரோ மெத்திலீன் நீலத்தை உருவாக்கினார். மலாக்கைட் பச்சை அடுத்த ஆண்டு வந்தது. துணிக்கென வந்த இச்சாயங்கள் பின்னாளில் மீனுக்கு மருந்தாயின.

தோலுக்கு அடியில் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து எட்டுவதில்லை. முதிர்ந்த ஒட்டுண்ணி உதிர்ந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிகிறது. நீந்தித் திரியும் அக்குஞ்சுகளே மருந்தில் மடிகின்றன. எனவே ஒருநாள் மருந்து போதாது. வெதுவெதுப்பான நீரிலும் பல நாள் தொடர வேண்டும்.

மருந்து செடிகளையும் வடிகட்டியின் நல்ல பாக்டீரியாக்களையும் கெடுக்கும் என்பதால் மணலற்ற தனித்தொட்டி பயன்படுகிறது. ஆனால் புள்ளி கண்ட மீனை மட்டும் மாற்றுவது, பலரும் செய்வதாயினும், பயனற்றது; குஞ்சுகள் பழைய தொட்டியில் ஏற்கெனவே பரவியிருக்கும். எல்லா மீன்களையும் அகற்றினால் அவை இடமின்றி அழியும்.

புதிய மீனைச் சில வாரம் தனியே வைப்பதே மேல். 1377-இல் ரகூசா துறைமுகம், கொள்ளைநோய்ப் பகுதிகளிலிருந்து வந்தோரை முப்பது நாள் தனியே நிறுத்தியதும் இம்முறையே. மலாக்கைட் பச்சை நச்சுத்தன்மையுடையது. உணவு மீன்களுக்கு அதைப் பயன்படுத்தப் பல நாடுகள் தடை விதித்துள்ளன.