சுற்று இழந்தவரும் மஞ்சள் கொடியும்

ஸ்டாக் கார் பந்தயத்தில் ஒரு முழுச் சுற்றை இழப்பது எவ்வளவு எளிது என்பது தடத்தின் நீளத்தைப் பொறுத்தது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள பிரிஸ்டல் தடம் அரை மைலுக்குச் சற்றே அதிகம். ஒரு சுற்றுக்குச் சுமார் 16 வினாடி போதும். பந்தயம் முழு வேகத்தில் நடக்கும்போது பஞ்சரான டயரை மாற்ற ஒருவர், தடத்தை ஒட்டிய பழுதுபார்க்கும் இடமான பிட்டுக்குள் நுழைந்தால், அவர் வெளியே வருவதற்குள் முன்னணிக் கார் இரண்டு முறையாவது அவரைக் கடந்துபோயிருக்கும். அலபாமாவின் டாலடேகா தடம் 2.66 மைல். அங்கே அதே பஞ்சர் ஒரு சுற்றோடு போய்விடலாம்.

விபத்து நேர்ந்தாலோ, தடத்தில் உடைந்த பாகங்கள் கிடந்தாலோ மஞ்சள் கொடி காட்டப்படும். எல்லாக் கார்களும் வேகம் குறைத்து, வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னே செல்லும் பேஸ் காரின் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். அதுவரை ஓட்டிச் சேர்த்த இடைவெளிகள் எல்லாம் அப்போது கரைந்துவிடும். பிரிஸ்டலில் 15 வினாடி பின்தங்கியிருந்தவர், மஞ்சள் கொடியின் தயவால் முதல் காரின் அருகே வந்துவிடுகிறார். இன்னும் இரண்டு வினாடி கூடுதலாகப் பின்தங்கி, ஒரு சுற்றை இழந்துவிட்டவருக்கோ அந்தத் தயவு இல்லை. வரிசையில் அவர் கார் முதல் காரை ஒட்டியே நின்றாலும் கணக்கில் அரை மைல் பின்னால்தான். இடைவெளி அழிகிறது, சுற்று அழிவதில்லை. சுற்று இழந்தவருக்கு என்ன வழி விடுவது என்ற கேள்வி இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் பிறக்கிறது.

ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும், 1948இல் தொடங்கிய நாஸ்கார் அமைப்பு இதற்கென்று தனி விதி எதையும் நெடுங்காலம் வைத்திருக்கவில்லை. மஞ்சள் கொடி காட்டப்பட்ட பின்னும் கார்கள் தொடக்கக் கோட்டைக் கடக்கும்வரை பந்தயம் ஓயாது. அந்தக் கோட்டுக்கு முன்னால் முதல் காரை முந்திவிட்டால் இழந்த சுற்று கைக்கு வந்துவிடும். மறுதொடக்கத்திலும் ஒரு வாய்ப்பு இருந்தது. முன்னணிச் சுற்றில், அதாவது முதல் கார் ஓடும் அதே சுற்றில், உள்ளவர்கள் வெளி வரிசையிலும், சுற்று இழந்தவர்கள் உள் வரிசையிலும் நிற்பார்கள். பச்சைக் கொடி விழுந்ததும் முதல் காரை முந்தி, அடுத்த மஞ்சள் கொடி வரும்வரை அதற்கு முன்னால் தாக்குப்பிடித்தால் ஒரு சுற்று மீளும். இது உழைத்துப் பெறும் சுற்று. பழைய ரசிகர்கள் அந்தக் காலத்தை இன்றும் ஏக்கத்தோடு பேசுவதற்கு நியாயமான காரணம் உண்டு.

1979 பிப்ரவரி 18 அன்று நடந்த டேட்டோனா 500 இதற்குச் சிறந்த சான்று. தொடக்கத்திலேயே கேல் யார்பரோவும் அல்லிசன் சகோதரர்களான பாபியும் டானியும் மோதிச் சிக்கி, மழையில் ஊறிய உள்திடலுக்குள் சறுக்கினார்கள். சுற்றுகளை இழந்த யார்பரோ, பின்னர் வந்த மஞ்சள் கொடிகளைப் பயன்படுத்தி அவற்றை ஒவ்வொன்றாக மீட்டார். கடைசிச் சுற்றில் டானி அல்லிசனுடன் முதலிடத்துக்கே மோதும் நிலைக்கு வந்தார். மூன்றாம் வளைவில் இருவரும் இடித்துக்கொண்டு நின்றுவிட, பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி வென்றார். சி.பி.எஸ். தொலைக்காட்சி தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையில் காட்டிய அந்தப் பந்தயம் இந்த விளையாட்டை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆனால் பழைய முறையில் உழைப்போடு சலுகையும் கலந்திருந்தது. மஞ்சள் கொடிக்குப் பின் யாரும் மூர்க்கமாக முந்தக் கூடாது என்று ஓட்டுநர்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது. முதலில் செல்பவர் விரும்பினால் வேகத்தைக் குறைத்து, பின்தங்கியவரை முன்னே விட்டு, அவருடைய சுற்றைத் திருப்பிக் கொடுக்கலாம். நண்பருக்குக் கொடுக்கலாம், ஒரே அணிக்காரருக்குக் கொடுக்கலாம், பகையாளிக்கு மறுக்கலாம். ஒரே உரிமையாளர் பல கார்களை இறக்கும் வழக்கம் பரவிய பிறகு இந்தச் சலுகையின் எடை கூடியது. வேண்டியவர் இல்லாத சிறிய அணிக்கு அதில் பங்கு குறைவு. தனிமனிதர் தயவில் நின்ற ஒன்றை நியாயமான முறை என்று சொல்வது கடினம்.

அந்த ஒப்பந்தம் 2003இல் உடைந்தது. ஜூன் மாதம் கலிஃபோர்னியாவின் சொனோமாவில், மஞ்சள் கொடி காட்டப்பட்ட பின் ராபி கார்டன் தம் அணியைச் சேர்ந்த கெவின் ஹார்விக்கையே முந்தி, பந்தயத்தையும் வென்றார். விதிப்படி அது தவறில்லை. சக ஓட்டுநர்கள் கொதித்தார்கள். செப்டம்பர் 14 அன்று நியூ ஹாம்ப்ஷயரில் டேல் ஜாரெட்டின் கார் மோதி நேர்ப்பாதையின் நடுவே அசையாமல் நின்றது. கோட்டை நோக்கி மற்றவர்கள் விரட்டிக்கொண்டு அவரைக் கடந்துபோன காட்சி பார்த்தவர்களை உறையவைத்தது. அடுத்த பந்தயம் டோவரில், ஒரே வாரத்தில். அதற்குள் நாஸ்கார் புதிய விதியை அறிவித்துவிட்டது. மஞ்சள் விளக்கு எரிந்த கணத்திலேயே வரிசை உறைந்துவிடும், அதன் பிறகு முந்துதல் இல்லை.

உயிர்காக்கும் விதி அது. ஆனால் சுற்றை மீட்கும் முக்கிய வழியையும் அது அடைத்துவிட்டது. அதற்கு ஈடாக வந்ததுதான் ‘ஃப்ரீ பாஸ்’. ஒவ்வொரு மஞ்சள் கொடியின்போதும், முன்னணிச் சுற்றில் இல்லாதவர்களில் முதலில் இருப்பவருக்கு ஒரு சுற்று திருப்பித் தரப்படும். டோவரில் அதை முதலில் பெற்றவர் ஜிம்மி ஸ்பென்சர். முன்னாள் சாம்பியனும் வர்ணனையாளருமான பென்னி பார்சன்ஸ் வைத்த ‘லக்கி டாக்’ (அதிர்ஷ்டக்கார நாய்) என்ற பெயர் மக்கள் வாயில் நிலைத்துவிட்டது.

அந்தப் பெயரிலேயே குறையும் தெரிகிறது. ஃப்ரீ பாஸ் பெறுபவர் அந்த நேரத்தில் யாரையும் முந்துவதில்லை. சரியான இடத்தில் இருந்தால் போதும். அவருக்கு அரை வினாடி பின்னால் வந்தவருக்கு ஒன்றுமில்லை. மஞ்சள் கொடியை வரவழைத்தாலே லாபம் என்ற எண்ணமும் புதிதல்ல. 2004 மார்ச்சில் பிரிஸ்டலில் வேண்டுமென்றே சுழன்றதாக ஒப்புக்கொண்ட டேல் எர்ன்ஹார்ட் ஜூனியருக்கு 10,000 டாலர் அபராதமும் 25 புள்ளி இழப்பும் கிடைத்தன. மஞ்சள் கொடிக்குக் காரணமானவருக்கே ஃப்ரீ பாஸ் கிடையாது என்ற கட்டுப்பாடு இந்த ஆசைக்குப் போட்ட அணை. இத்தனைக்குப் பிறகும் புதிய விதிக்கு ஒரு மேன்மை உண்டு. அது ஆள் பார்ப்பதில்லை. பெரிய அணியின் நட்சத்திரமும் கடனில் ஓடும் சிறு அணியும் அதன் முன் ஒன்றே.

அடுத்த மாற்றம் 2009 ஜூன் 7 அன்று போகோனோவில் வந்தது. முன்னணிச் சுற்றில் இருப்பவர்கள் இரண்டு வரிசையாக முன்னால் நின்று மறுதொடக்கம் செய்வார்கள், சுற்று இழந்தவர்கள் அவர்களுக்குப் பின்னால் போவார்கள். வெற்றிக்கான போட்டி கூர்மையானது. பின்தங்கியவருக்கு முதல் காரின் பக்கத்தில் இருந்த இடமோ பறிபோனது. அதற்கு மாற்றாக வந்தது ‘வேவ் அரவுண்ட்’. மஞ்சள் கொடியின்போது முன்னணிக் கார்கள் பிட்டுக்குள் போக, தான் போகாமல் தடத்திலேயே தங்கும் பின்தங்கிய கார், பேஸ் காருக்கும் முதல் காருக்கும் நடுவே வந்து நிற்கும். மறுதொடக்கத்துக்கு முன் அதைப் பேஸ் காரைக் கடந்து சுற்றிவரச் சொல்வார்கள். அது வரிசையின் கடைசியில் சேரும்போது ஒரு சுற்று மீண்டிருக்கும். பச்சைக் கொடி விழும்வரை அது பிட்டுக்குள் போகக் கூடாது.

ஃப்ரீ பாஸ், வேவ் அரவுண்ட் ஆகிய இரண்டு வழிகளுள் வேவ் அரவுண்டே நியாயத்துக்கு நெருக்கமானது. முழு வேகத்தில் பந்தயம் ஓடும்போது ஒருவர் பெட்ரோல் நிரப்பப் பிட்டுக்குள் போகிறார். அந்த நேரம் பார்த்து மஞ்சள் கொடி வந்தால், ஒரு தவறும் செய்யாமலே அவர் சுற்றை இழந்து மாட்டிக்கொள்கிறார். அவருக்கு இந்த விதி கதவைத் திறக்கிறது. திரும்பக் கிடைப்பதும் இனாமில்லை. மற்றவர்கள் புது டயரோடு வரும்போது, இவர் தேய்ந்த டயரோடு கடைசியிலிருந்து தொடங்க வேண்டும்.

2017இல் பந்தயத்தைப் பகுதிகளாகப் பிரித்தபோது, ஒவ்வொரு பகுதி முடிவிலும் முன்கூட்டியே குறித்த மஞ்சள் கொடி ஒன்று சேர்ந்தது. அது வரும் சுற்று எல்லா அணிகளுக்கும் தெரியும். அதனால் ஒரு சுற்று பின்தங்கிய கார்களுக்கிடையே, ஃப்ரீ பாஸ் பெறுவதற்காக, பகுதி முடியும் தருணத்தில் அந்த வரிசையின் தலையில் இருப்பது யார் என்று தனியாக ஒரு பந்தயமே நடக்கிறது. வெற்றிக்கு நடக்கும் போட்டியிலிருந்து வெகு பின்னால், கேமரா அதிகம் திரும்பாத இடத்தில், இருபதாம் இடத்தை ஒட்டி ஓடும் இரண்டு மூன்று கார்கள் அந்த ஒற்றைச் சுற்றுக்காகப் பம்பரோடு பம்பர் உரச ஓட்டுகின்றன.