ஐதராபாத் பலூன் ஆய்வும் மூன்று பாக்டீரியாக்களும்

பூமியின் உயிர் விண்வெளியிலிருந்து நுண்ணுயிரிகளாக வந்து சேர்ந்தது என்னும் கருதுகோளை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வலியுறுத்தியவர்கள் பிரெட் ஹாயிலும் இலங்கையில் பிறந்த அவருடைய மாணவர் சந்திர விக்கிரமசிங்கவும் ஆவர். இதைச் சோதித்துப் பார்க்கும் முக்கிய முயற்சிகள் இந்தியாவில் நடந்தன. ஹாயிலின் மற்றொரு மாணவரான ஜெயந்த் நார்லிகர் அவற்றில் முன்நின்றார்.

2001 சனவரி 21 அன்று ஐதராபாத்திலிருந்து ஏவப்பட்ட பலூன் 41 கிலோமீட்டர் உயரம் வரை காற்று மாதிரிகளைச் சேகரித்தது. அவற்றில் கிடைத்த நுண்ணுயிரிகள் பூமியில் ஏற்கெனவே அறியப்பட்டவை. ஆகவே அவை ஆய்வகத்திலேயே கலந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது.

2005 ஏப்ரல் 20 அன்று, கூடுதல் எச்சரிக்கையுடன், இசுரோவின் ஆதரவில் ஆய்வு மீண்டும் நடத்தப்பட்டது. 459 கிலோ எடையுள்ள கருவித் தொகுதியில், காற்று நீக்கிக் கிருமியகற்றம் செய்த 16 எஃகுக் குழாய்கள் இருந்தன. அவற்றைக் குளிர்விக்க 38 கிலோ திரவ நியான் பயன்பட்டது. குழாயின் வாய் திறந்ததும் உள்ளே புகும் காற்று அக்குளிரில் உறைந்துவிடும். 41 கிலோமீட்டரில் காற்றழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. இப்படி உறைய வைக்காமல் போதிய காற்றைப் பிடிப்பது கடினம். குழாய்கள் பாராசூட்டில் இறங்கின; ஐதராபாத்திலும் புனேயிலும் உள்ள இரு ஆய்வகங்கள் மாதிரிகளைத் தனித்தனியே ஆராய்ந்தன.

மொத்தம் 12 பாக்டீரியா, 6 பூஞ்சைக் குழுமங்கள் வளர்ந்தன. பெரும்பாலானவை பூமியில் அறியப்பட்ட இனங்களே. மூன்று பாக்டீரியாக்கள் மட்டும் புதிய இனங்களாக 2009 இல் அறிவிக்கப்பட்டன: சானிபாக்டர் ஹாயிலி, பேசில்லசு இசுரோனென்சிசு, பேசில்லசு ஆரியபட்டை. நெருங்கிய இனங்களைவிட இவை புற ஊதாக் கதிரை அதிகம் தாங்கின.

இந்தத் தாங்குதிறன்தான் பலரையும் கவர்ந்தது. ஆனால் அது வேற்றுலகப் பிறப்புக்குச் சான்றாகாது. கதிர்வீச்சுக்குப் பெயர்பெற்ற டைனோகாக்கசு ரேடியோடியூரன்சு 1956 இல் அகப்பட்டது, கதிர்வீச்சால் கிருமி நீக்க முயன்ற இறைச்சி டப்பாவில். இசுரோவும் பூமிக்கு அப்பாற்பட்ட தோற்றம் உறுதியாகவில்லை என்றே அறிவித்தது. ஆய்வுக் கட்டுரையின் தலைப்போ இன்னும் அடக்கமானது. மேல் வளிமண்டலக் காற்றைச் சேகரித்த குழாய்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை என்று மட்டுமே அது கூறுகிறது.

பின்னர் நடந்த மரபணுத் தொகுதி ஒப்பீடுகளில், ஆரியபட்டை தனி இனமே அல்ல, 1884 இல் டி பாரி விவரித்த மெகாடீரியம்தான் எனத் தெரிந்தது. இது மண்ணில் சாதாரணமாக வாழ்வது. இசுரோனென்சிசு, மண்ணைக் குறிக்கும் பெயர்கொண்ட சோலிபேசில்லசு பேரினத்துக்கு மாற்றப்பட்டது. பிரேசிலின் வறண்ட நிலத்துக் கள்ளிச்செடியின் வேர்மண்ணிலும் ஆரியபட்டை கிடைத்தது. வறட்சியைத் தாங்க மக்காச்சோளத்துக்கு உதவும் உயிரி இடுபொருளாக 2021 முதல் அது அங்கு விற்கப்படுகிறது.